கடலோடிகளின் கோயில்

பாரிஸிலிருந்து மேற்கே ரயிலேறி ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் பிரயாணம் செய்தால் ஸேன் மாலோ என்னும் துறைமுகப் பட்டணம் வருகிறது. பிரான்ஸுக்குப் போகும் நம்மவர்களில் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் சிலரே. ஐஃபல் கோபுரத்தின் அடியில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டதும், "பிரான்ஸைப் பார்த்தாகிவிட்டது" என்று திருப்தியுடன் திரும்பி விடுகிறார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கியவர் தமிழ்நாடு முழுவதையும் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வது போலத்தான் இது. ஆனால் தமிழனாகப் பிறந்தவன், அதிலும் சென்னைப் பட்டணத்தோடு சம்பந்தமுள்ளவன், அவசியம் பார்க்க வேண்டிய பிரெஞ்சு ஊர் எது என்று என்னைக் கேட்டால், பாரிஸை அடுத்தபடியாக ஸேன் மாலோவைத்தான் சொல்லுவேன். காரணத்தைப் பின்னால் சொல்லுகிறேன்.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை. அந்தப் பாறையைச் சுற்றி வளைத்துக் கட்டிய கருங்கல் மதில். மதிலுக்குள் நெருக்கமாக உயர்ந்து நிற்கும் கருங்கல் வீடுகள். வீடுகளுக்கு நடுவே, எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசி முனை போல் வானத்தைத் தொடும் மாதாகோயில் கோபுரம். தூரத்திலிருந்து பார்க்கும்போது ஊர் முழுவதும் நங்கூரம் பாய்ச்சிய ஒரு பெரிய கப்பலைப் போலவும், அந்தக் கோபுரம் அதன் பாய்மரத்தைப் போலவும் தோன்றுகிறது. மதிலின் மேலேயே நடந்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். ஏறக்குறைய 2 கிலோ மீட்டர் தூரம் இருக்கும்.

இந்த ஊர்க் கடல் விசித்திரமானது. நம் சென்னைக் கடற்கரையில் கடல் ஏறுவதும் வடிவதும் மூன்று நான்கு அடிக்கு மேல் இராது. அதை நாம் கவனிப்பதே இல்லை. ஸேன் மாலோவிலோ, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் கடல் மட்டம் 40 அடி ஏறி 40 அடி இறங்குகிறது. காலையில் மதிலின் மேல் அலை வந்து மோதித் தெறிக்கும். மத்தியானம் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் ஈர மணலும் பாறைகளுமாகக் கிடக்கும். அப்போது கிராண் பே என்னும் சிறு தீவுக்கு நடந்தே போய்விடலாம். இந்த ஊரில் 1768இல் பிறந்த ஷதோப்ரியான் என்னும் பெரிய எழுத்தாளரின் சமாதி அங்கே இருக்கிறது. சமாதியில் பெயர் கூடப் பொறிக்க வேண்டாம் என்பது அவர் விருப்பம். கடலைப் பார்த்தபடி ஒரு கல் சிலுவை மட்டும் நிற்கிறது. போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். கடல் திரும்பி வந்து வழியை மூடிவிட்டால், அடுத்தபடி வடியும் வரையில் ஷதோப்ரியானுடன் தனியாக இருக்க வேண்டியதுதான்.

பழைய நாளில் கடல் வடிந்து நிலம் தெரியும் இரவுகளில் கப்பல் சாமான்களைத் திருடர் கொண்டு போகாதபடி காவல் காப்பதற்காக ஊரார் பெரிய வேட்டை நாய்களை வளர்த்தார்கள். இரவு 10 மணிக்கு மணி அடிக்கும். கோட்டைக் கதவு சாத்தப்படும். நாய்களைக் கடற்கரையில் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். நூற்றாண்டுக் கணக்காக நடந்து வந்த இந்த ஏற்பாடு 1770ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. நேரம் கழித்து வந்த கப்பற்படை உத்தியோகஸ்தர் ஒருவரை நாய்கள் குதறிக் கொன்றுவிட்டதே காரணம். தங்கள் நாய்களைப் பற்றி இந்த ஊர்க்காரர்கள் இன்றும் ஒருவிதப் பெருமையுடன்தான் பேசுகிறார்கள். தாங்கள் பிரெஞ்சுக்காரரும் இல்லை, பிரெத்தோன் ஜாதியாரும் இல்லை, ஸேன் மாலோக்காரர் என்று சொல்லிக்கொள்வது இவர்களுடைய பழைய வழக்கம். 1590 முதல் 1594 வரையில் அரசனையே ஒதுக்கி வைத்துவிட்டுத் தனிக் குடியரசு நடத்திய ஊர் இது.

இனி மாதாகோயிலுக்கு வருவோம்.

பிஷப்பின் ஆசனம் இருக்கும் மாதாகோயிலுக்குத்தான் கதீட்ரல் என்று பெயர். பக்கத்திலிருந்த அலேத் என்னும் பழைய ஊரிலிருந்து பிஷப்பின் ஆசனத்தை இந்தப் பாறைக்கு மாற்றியவர் ழான் த ஷாதியோன் என்னும் பிஷப். 1146ஆம் ஆண்டில் அவர் இந்த ஆலயத்தை ஸ்தாபித்தார். ஸ்பெயின் தேசத்து ஸரகோஸா நகரைச் சேர்ந்த அர்ச். வின்சென்ட் என்னும் வேதசாட்சியின் பெயரால் இது விளங்குகிறது. ஒரு வேடிக்கை என்னவென்றால், சட்டப்படி இது இப்போது கதீட்ரலே அல்ல. 1801இல் நெப்போலியன் போப்பாண்டவருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக ஸேன் மாலோவின் பிஷப் பதவி எடுபட்டுப் போயிற்று. அன்று முதல் இது மற்ற ஊர்களில் இருப்பது போன்ற ஒரு கோயில்தான். ஆனால் ஸேன் மாலோவில் யாரிடமாவது போய், "உங்கள் ஊர்ச் சர்ச் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். "கதீட்ரலா?" என்று திருத்திவிட்டுத்தான் வழி சொல்லுவார்கள். பட்டம் போன ஜமீன்தாரை ஊரார் இன்னும் ராஜா என்றே கூப்பிடுவதில்லையா, அப்படித்தான்.

நான் உள்ளே நுழைந்தபோது காலை வேளை. வெளியே கண்ணைக் கூசும் வெளிச்சம். உள்ளே முதலில் ஒன்றுமே தெரியவில்லை. சற்றுப் பொறுத்த பிறகுதான் பருத்த தூண்களும், அவற்றின் மேல் கவிழ்த்த குடைகளைப் போல் வளைந்திருக்கும் கல் கூரையும் புலப்பட்டன. முன்பகுதி 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கடற்கரை ஊரார் கட்டிய கோயில் என்பதை அது மறைக்கவில்லை. புயலுக்கும் பகைவனுக்கும் அஞ்சாமல் நிற்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்துடன் கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டிப் பீடம் இருக்கும் உட்பகுதிக்குப் போனால் வேறோர் உலகம். அது 13ஆம் நூற்றாண்டின் வேலை. தூண்கள் மெலிந்து உயர்கின்றன, வளைவுகள் கூர்மையாகின்றன, கிழக்குச் சுவரில் ஒரு மாபெரும் வட்டச் சாளரம் காலைச் சூரியனை வாங்கிச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கல்லின் மேல் இறைக்கிறது. நம் ஊர்க் கோயில்களில் வெளிச்சமான பிராகாரத்திலிருந்து இருண்ட கர்ப்பக்கிருஹத்தை நோக்கிப் போகிறோம். இங்கே இருட்டிலிருந்து வெளிச்சத்தை நோக்கி நடக்க வேண்டியிருக்கிறது.

வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் காலடியில் இருக்கும் ஒன்றைக் கவனிக்காமல் போய்விடக் கூடும். தரையில் வர்ணக் கற்களைப் பதித்து எழுதிய வாசகம் ஒன்று இருக்கிறது. 1535ஆம் ஆண்டில் கனடா தேசத்தைக் கண்டுபிடிக்கப் புறப்படுமுன் ழாக் கார்த்தியே என்பவர் பிஷப்பின் ஆசீர்வாதத்தைப் பெறுவதற்காக மண்டியிட்ட இடம் இது என்று அது தெரிவிக்கிறது.

கார்த்தியே இந்த ஊரில் 1491இல் பிறந்தவர். 1534இல் இரண்டு கப்பல்களுடன் மேற்கே போய், இன்று கனடா என்று வழங்கும் தேசத்தின் கரையை அடைந்தார். மறு வருஷம் மூன்று கப்பல்களுடன் மீண்டும் புறப்பட்டார். மே மாதம் 16ஆம் தேதி, பெந்தகோஸ்து ஞாயிற்றுக்கிழமை, மாலுமிகள் அனைவரும் இந்தக் கோயிலுக்கு வந்து பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை பெற்று, பிஷப்பின் முன் மண்டியிட்டார்கள். மூன்று நாள் கழித்துக் காற்று அனுகூலமாக இருந்ததால் பாய் விரித்தார்கள். வரைபடத்தில் இல்லாத கடலுக்குள், ஆசீர்வாதத்தை மட்டும் துணையாகக் கொண்டு, சுமார் 110 பேர் புறப்பட்ட அந்தக் காட்சியை இந்த இடத்தில் நின்று நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது. தைரியத்தைத் தைரியம் என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு என்ன நஷ்டம்?

ஆனால் தரையில் எழுதாத பகுதியையும் நேயர்கள் கேட்க வேண்டும்.

முதல் பிரயாணத்திலேயே, 1534 ஜூலை 24ஆம் தேதி, கார்த்தியே கனடாக் கரையில் 30 அடி உயரச் சிலுவை ஒன்றை நாட்டினார். அந்தப் பிரதேசத்து மக்களின் தலைவன் பெயர் தொன்னகோனா. அவன் ஓடத்தில் ஏறிக் கப்பலருகே வந்து, சுற்றியுள்ள நிலத்தையெல்லாம் கையால் காட்டி, 'இது எங்கள் மண். எங்களைக் கேளாமல் இதை நட்டிருக்கக் கூடாது' என்று பொருள்படச் சைகை செய்தான். பாஷை தெரியாவிட்டாலும் கார்த்தியேவுக்கு விஷயம் நன்றாகப் புரிந்துவிட்டது. 'இது வெறும் வழிகாட்டிக் கம்பம்' என்று சமாதானம் சொல்லி, தொன்னகோனாவின் இரண்டு குமாரர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு பிரான்ஸுக்கு வந்து சேர்ந்தார். அந்த இரு வாலிபர்களும் பிரெஞ்சு பாஷை கற்றுக்கொண்டார்கள். மறு வருஷம் அவர்களே வழிகாட்டிகளாகக் கப்பலில் போனார்கள்.

அந்த இரண்டாம் பிரயாணத்தில் மாரிக்காலம் வந்தது. நதி உறைந்தது, கப்பல்கள் பனிக்கட்டிக்கு நடுவே சிக்கின. மாலுமிகளை ஸ்கர்வி என்னும் நோய் பிடித்தது. பல்லின் ஈறு அழுகி, கால் வீங்கி, ஒருவர் பின் ஒருவராக 25 பேர் மாண்டார்கள். புதைப்பதற்குத் தரையைத் தோண்டக்கூட மற்றவர்களுக்குப் பலம் இல்லை. அப்போது தொன்னகோனாவின் குமாரன் தொமகாயா ஒரு மரத்தைக் காட்டினான். அதன் பட்டையையும் இலையையும் கொதிக்க வைத்துக் கஷாயமாகக் குடிக்கும்படி சொன்னான். முதலில் குடிக்கத் தயங்கினார்கள். ஒருவர் குடித்துப் பிழைத்ததும் முண்டியடித்துக்கொண்டு குடித்தார்கள். பெரிய மரம் ஒன்று சில நாட்களில் மொட்டையாகிவிட்டது. மீதிப் பேர் உயிர் பிழைத்தார்கள்.

வசந்த காலம் வந்து பனி உருகியது. 1536 மே 3ஆம் தேதி, பரிசுத்த சிலுவையின் திருநாளன்று, கார்த்தியே இன்னொரு சிலுவையை நாட்டினார். விழாவுக்கு வந்த தொன்னகோனாவையும், மருந்து காட்டிய தொமகாயாவையும், அவன் சகோதரனையும் பிடித்துக் கப்பலில் அடைத்தார். பொன் விளையும் ராஜ்யம் ஒன்று உள்நாட்டில் இருப்பதாகத் தொன்னகோனா சொல்லியிருந்தான்; அந்தக் கதையைப் பிரெஞ்சு மன்னனிடம் அவன் வாயாலேயே சொல்லச் செய்ய வேண்டும் என்பது உத்தேசம். கரையில் கூடி அழுத ஜனங்களுக்கு, பன்னிரண்டு அமாவாசைக்குள் அழைத்து வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். முன்பே கப்பலுக்கு வந்திருந்த குழந்தைகளையும் சேர்த்து மொத்தம் பத்துப் பேர் ஜூலை 16ஆம் தேதி ஸேன் மாலோவில் வந்து இறங்கினார்கள்.

ஒருவரும் திரும்பிப் போகவில்லை. 1538 மார்ச் மாதத்தில் கனடா தேசத்து ஆண்கள் மூவருக்கு இந்த ஊரில் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதாகப் பதிவேடு சொல்லுகிறது. கார்த்தியே மறுபடி கனடாவுக்குப் போனது 1541இல்தான்; பன்னிரண்டு அமாவாசை அறுபதுக்கு மேலாகிவிட்டது. அதற்குள் ஒரு சிறு பெண்ணைத் தவிர மற்றவர்கள் அனைவரும் இறந்துவிட்டார்கள். தன் ஜனங்களைப் பற்றிக் கேட்ட புதுத் தலைவனிடம் கார்த்தியே, 'தொன்னகோனா இறந்துவிட்டான். மற்றவர்கள் பிரான்ஸில் பிரபுக்களைப் போல் வாழ்கிறார்கள். திரும்பி வர அவர்களுக்கு இஷ்டமில்லை' என்றார். அந்தப் பிரயாணத்தில் தங்கமும் வைரமும் என்று அள்ளிக்கொண்டு வந்தவை வெறும் கந்தகக் கல்லும் பளிங்குக் கல்லுமாகப் போனதால், 'கனடா வைரம் போலப் பொய்' என்று ஒரு பழமொழி பிரெஞ்சு பாஷையில் ஏற்பட்டது. வைரம் பொய்த்ததற்குப் பழமொழி பிறந்தது. வாக்குப் பொய்த்ததற்கு ஒன்றும் பிறந்ததாகத் தெரியவில்லை.

1557இல் இறந்த கார்த்தியேவை இந்தக் கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள். காலப்போக்கில் சமாதி இருந்த இடமே மறந்து போயிற்று. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு இடிபாடுகளை அகற்றிப் பழுது பார்த்தபோதுதான் அவருடைய எலும்புகள் அகப்பட்டன. இப்போது ஓர் உபபீடத்தருகே அவர் துயில்கிறார். இன்னொரு சமாதி ரெனே துகே-த்ரூவேன் என்னும் கப்பற்படைத் தலைவருடையது. 1736இல் பாரிஸில் இறந்து அங்கேயே அடக்கமான அவரை, பிறந்து 300 ஆண்டு நிறைந்த 1973இல் சொந்த ஊருக்குக் கொண்டு வந்து சேர்த்தார்கள். 1711இல் பிரேஸில் தேசத்து ரியோ த ஜனேரோ பட்டணத்தைத் திடீரென்று தாக்கிப் பிடித்து, ஊரைக் கொளுத்தாமல் விடுவதற்கு விலை பேசி வாங்கிக்கொண்டு திரும்பியவர் அவர்.

பட்டணத்தைப் பிடி, விலை பேசு, பணத்தை வாங்கிக்கொண்டு கப்பலேறு என்ற இந்த வித்தை ஸேன் மாலோவில் ஒரு குலத்தொழில் போலவே இருந்திருக்கிறது. அதே வித்தையை நம் ஊரில் காட்டியவரும் இந்த ஊர்ப் பிள்ளைதான். ஆரம்பத்தில் நான் சொல்லாமல் வைத்திருந்த காரணம் இதுவே.

பெர்த்ரான் பிரான்ஸ்வா மாஹே த லாபூர்தொனே 1699 பிப்ரவரி 11ஆம் தேதி ஸேன் மாலோவில் பிறந்தார். பத்து வயதிலேயே கப்பலேறியதாகச் சொல்வார்கள். 1725இல் மலையாளக் கரையில் மய்யழியைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது அங்கே பெயர் வாங்கினார். 1735 முதல் மொரீஷஸ் தீவின் கவர்னராக இருந்து போர்ட் லூயி துறைமுகத்தை உண்டாக்கினார். அதைக் கட்டிய கைகளில் புதுச்சேரியிலிருந்து போன தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துக் கொண்டு வந்த அடிமைகள் அதிகம் உண்டு.

1746இல் லாபூர்தொனே கப்பற்படையுடன் சோழமண்டலக் கரைக்கு வந்தார். ஜூலை மாதத்தில் நாகப்பட்டினத்துக்கு அப்பால் கடலில் ஆங்கிலக் கப்பல்களோடு சண்டை நடந்தது. செப்டம்பரில் சென்னைக்கு முன்னால் நங்கூரம் பாய்ச்சினார். சில நாள் பீரங்கிப் பிரயோகத்துக்குப் பின், 21ஆம் தேதி செயின்ட் ஜார்ஜ் கோட்டை சரணடைந்தது. துகே-த்ரூவேன் ரியோவில் செய்ததைப் போலவே லாபூர்தொனேயும் விலை பேசினார்: 11 லட்சம் வராகன் கொடுத்தால் பட்டணத்தை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது என்று. புதுச்சேரி கவர்னர் டூப்ளே இதற்குச் சம்மதிக்கவில்லை. இரண்டு பிரெஞ்சுக்காரரும் கடிதத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே அக்டோபர் 13ஆம் தேதி இரவு ஐப்பசிப் புயல் வந்துவிட்டது. சென்னைக்கு முன்னால் நின்ற பிரெஞ்சுக் கப்பல்கள் பல மூழ்கின. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். மிஞ்சிய கப்பல்களுடன் லாபூர்தொனே புறப்பட்டுப் போனார். டூப்ளே உடன்படிக்கையைக் கிழித்தெறிந்தார். புதுச்சேரியில் இருந்தபடி இந்தச் சம்பவங்களைத் தமிழில் நாள்தோறும் எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை மட்டும் இல்லாவிட்டால், இதைப் பற்றி நம்மவர் நினைத்தது என்ன என்பதை நாம் அறிய வழியே இராது.

லாபூர்தொனே ஊர் திரும்பியதும், தமக்கென்று தனியே பணம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டின் மேல் 1748இல் பாஸ்டீல் சிறையில் அடைத்தார்கள். எழுது கருவிகள் மறுக்கப்பட்டபடியால், கைக்குட்டைகளைச் சோற்றுக் கஞ்சியில் தோய்த்து மொடமொடப்பாக்கி, காப்பிக் கசண்டை மையாகக் கொண்டு தம் வாதங்களை எழுதினாராம். கஞ்சி போட்ட துணியின் உபயோகத்தை அவர் நம் ஊர் வண்ணாரிடம் கற்றிருப்பாரோ என்னவோ! 1751இல் நிரபராதி என்று விடுதலையானார்; 1753இல் பாரிஸில் இறந்தார். கோயிலுக்குள் அவருக்குச் சமாதி கிடையாது.

சரித்திரப் பாடம் சொல்லிக் கொடுப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். 1746ஆம் ஆண்டு நிகழ்ச்சி நம் பாடப் புஸ்தகங்களில் இரண்டு வெள்ளைக்கார ஜாதியாருக்குள் நடந்த ஆட்டமாகவே வருகிறது. யார் கோட்டையைப் பிடித்தார், யார் விட்டார் என்பதோடு அத்தியாயம் முடிந்துவிடுகிறது. கோட்டைக்கு வடக்கே நெசவாளரும் சாயக்காரரும் வியாபாரிகளும் குடியிருந்த பட்டணம் என்ன ஆயிற்று என்று எந்தப் பையனும் கேட்பதில்லை. கேட்கும்படி நாமும் சொல்லிக் கொடுப்பதில்லை. கோட்டைக்கு அருகே வீடுகள் இருந்தால் பகைவன் அவற்றில் மறைந்து சுடலாம் என்ற பாடத்தை ஆங்கிலேயர் அந்த யுத்தங்களில் கற்றார்கள். பிரெஞ்சுக்காரர் இடிக்கத் தொடங்கியதை ஆங்கிலேயர் முடித்தார்கள். பட்டணத்தின் நடுநாயகமாக விளங்கிய சென்னகேசவப் பெருமாள் கோயிலையும் 1757இல் இடித்தார்கள். இன்று ஹைகோர்ட்டுக் கட்டிடம் நிற்கும் பிரதேசம் அது. ஈடாகக் கிடைத்த நிலத்தில், மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று பெருமாளுக்கும் மல்லீசுவரருக்கும் இரட்டைக் கோயில் கட்டினார். பூக்கடையில் மாலை வாங்குகிற எத்தனையோ பேர் அந்தக் கோயில் இடம் பெயர்ந்து வந்த கதையை அறியார்.

பிறர் பட்டணத்தின் மேல் பீரங்கி சுட்டவர்களின் ஊருக்கும் ஒரு நாள் அதே கதி நேர்ந்தது.

1944 ஆகஸ்டு மாதம். பிரான்ஸை ஜெர்மானியர் பிடியிலிருந்து மீட்க வந்த அமெரிக்கப் படை ஸேன் மாலோவை முற்றுகையிட்டது. கடைசிக் கல் வரையில் காப்பேன் என்று ஜெர்மன் கர்னல் வீறாப்புப் பேசினார். மதிலுக்குள் பெரும்படை இருப்பதாக எண்ணி அமெரிக்கர்கள் குண்டு மாரி பொழிந்தார்கள். உள்ளே இருந்த ஜெர்மானியர் மிகச் சொற்பம் என்பது பின்னால்தான் தெரிந்தது. தீ பரவியது. அணைக்கத் தண்ணீர் இல்லை. மதிலுக்குள் இருந்த 865 கட்டிடங்களில் 182 மட்டுமே மிஞ்சின. மூன்றாம் நெப்போலியன் 1858இல் இந்த ஊருக்கு வந்து போனதன் நினைவாக எழுப்பிய கோயில் கோபுரம் குண்டடி பட்டு முறிந்து கோயிலின் மேலேயே விழுந்தது. பழைய வர்ணக் கண்ணாடிகள் பொடிப் பொடியாயின. கார்த்தியே மண்டியிட்ட தரை இடிபாடுகளுக்கு அடியில் போயிற்று. மதில் மட்டும் அசையவில்லை.

1948 முதல் 1960 வரையில் ஊரைத் திரும்பக் கட்டினார்கள். லூயி அரேத்ஷ் என்னும் சிற்பியின் மேற்பார்வையில், அதே கருங்கல்லில், அதே உயரமான புகைபோக்கிகளும் சரிந்த கூரைகளுமாக வீடுகள் எழுந்தன. புதிதாக வருபவன் இதை முந்நூறு வருஷத்துப் பழைய ஊர் என்றே நினைப்பான். மதிலின் மேல் என்னோடு பேசிக்கொண்டு வந்த ஒரு கிழவர், தம் வீடு தம்மைவிட இளையது என்று சொல்லிச் சிரித்தார். கோயில் வேலைதான் நெடுங்காலம் பிடித்தது. 1972இல்தான், அதாவது 28 வருஷத்துக்குப் பிறகு, புதிய கோபுரத்துடன் வேலை பூர்த்தியாயிற்று. ஊரில் ஒரு தலைமுறை கோபுரமில்லாத கோயிலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்து பெரியதாகிவிட்டது.

கல்லைப் பழையபடி வைத்தவர்கள் கண்ணாடியை மட்டும் பழையபடி வைக்கவில்லை. ழான் லெ மோல் என்னும் தற்கால ஓவியரைக் கொண்டு புதிய சாளரங்கள் அமைத்தார்கள். அவற்றில் அர்ச்சியசிஷ்டர்களின் உருவம் இல்லை, அரசர்கள் இல்லை, கப்பல்களும் இல்லை. நெருப்பும் கடலும் கலந்தாற்போல் வர்ணங்கள் மட்டும் ஓடுகின்றன. இத்தகைய புது மோஸ்தர்களில் எனக்குச் சாதாரணமாகப் பிரியம் கிடையாது. வட்டமும் கோணமும் வரைந்துவிட்டு அர்த்தம் கேட்பவனை மூடன் என்பவர்களை நினைத்தாலே கோபம் வரும். ஆனால் அந்தக் கிழக்குச் சாளரத்தின் முன் என் வாய் அடைத்துப் போயிற்று. எரிந்த ஊரைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு என்ன சொல்லியிருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கோயிலில் அரைமணி நேரத்துக்குள் கனடாவிலிருந்து வந்த யாத்திரிகர் கூட்டம் ஒன்று நுழைந்தது. பெரியவர்கள் தரையிலுள்ள வாசகத்தைச் சூழ்ந்து நின்று, படித்து, படம் பிடித்தார்கள். அவர்களுடைய மூதாதையர் பலர் இந்தக் கரையிலிருந்து போனவர்களாக இருக்கலாம்; அவர்கள் கண் கலங்கியதில் ஆச்சரியமில்லை. கூட்டத்தில் ஒரு சிறு பெண் தன் தாயாரைப் பார்த்து, கார்த்தியே போவதற்கு முன்னால் அங்கே யாரும் இல்லையா என்று கேட்டாள். இருந்தார்கள் என்றாள் தாயார். அவர்கள் பெயர் என்ன என்று குழந்தை கேட்டது. அதற்குள் வழிகாட்டி அடுத்த சமாதிக்குக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்து மதில் மேல் ஏறியபோது கடல் திரும்பிக்கொண்டிருந்தது. கிராண் பே தீவுக்குப் போகும் கல் பாதையின் மேல் நுரை ஏறிவிட்டது. ஷதோப்ரியானைப் பார்க்கப் போன இரண்டு பையன்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையை நோக்கி ஓடி வந்தார்கள்.